பொருளும் படமும்

'பொருள்' என்பது தமிழில் விந்தையானதொரு சொல். கையால் எடுத்து இடம் மாற்றி வைக்கும் குடமும் பொருள்; 'குடம்' என்ற சொல் உணர்த்தும் கருத்தும் பொருள்; அக்குடத்தை வாங்கக் கொடுத்த பணமும் பொருள். வள்ளுவர் வகுத்த முப்பாலில் நடுவே நிற்பது பொருட்பால். தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரம் பொருளதிகாரம். முன்னதில் அரசும் செல்வமும் பேசப்படுகின்றன. பின்னதில் வாழ்வும் கவிதையும் பேசப்படுகின்றன. ஒரே சொல் இத்தனை சுமையையும் தூக்கி வருவதால், அடுக்களையில் கிடக்கும் ஒரு பாத்திரத்தைச் சுட்டி, "இந்தப் பொருளுக்கு என்ன பொருள்?" என்று வினவினால் அது வெறும் சொல் விளையாட்டாகவே காதில் விழும். ஆயின் சென்ற சில மாதங்களாக நம் இல்லத்தில் அவ்வினா விளையாட்டாக இல்லை.

நம் தாயார் விட்டுச் சென்றது ஒரு பித்தளைத் தவலை. 1971ஆம் ஆண்டு அவருடைய திருமணத்திற்குத் தாய்மாமன் சீராகக் கும்பகோணத்தில் வாங்கியது. கழுத்துக்குச் சற்றுக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, அவர் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. தந்தையார் மறைந்த பின் அவர் நம்மோடு தில்லிக்கு வந்து சேர்ந்தபோது, அதனைச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டி, இரண்டு இரவுகள் ரயிலில் தம் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். குழாயில் நீர் வரும் ஊரில் தவலை எதற்கு என்று நாம் கேட்டோம். குழாயில் நீர் வராவிட்டால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார். தில்லியின் கோடையைக் கண்ட இம்மலரின் வாசகர்கள் யார் பக்கம் உண்மை இருந்தது என்பதைத் தாமே அறிவர்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நாம் வாழும் பழைய அரசுக் குடியிருப்பை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் எழுப்பப் போகிறார்கள் என்பதால், வேறோரிடத்தில் ஏழாம் மாடிக்கு நாம் பெயர வேண்டியிருக்கிறது. பெட்டிகளை எண்ணத் தொடங்கிய நாளன்று நம் இல்லாள் தயங்கித் தயங்கி ஒரு யோசனை கூறினார். பள்ளியில் ஓவியத்தையும் ஒரு பாடமாகப் பயிலும் நம் மகள், வீட்டிலுள்ள பொருள்களை வைத்து வரைந்து வருமாறு ஆசிரியை கூறியதற்கிணங்க, அந்தத் தவலையையும் பக்கத்தில் மடித்த துண்டு ஒன்றையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் பென்சிலால் வரைந்திருந்தாள். "படம்தான் இருக்கிறதே. சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். தவலையை எடைக்குப் போட்டுவிட்டால் என்ன?" என்பதே அந்த யோசனை. இதைக் கல் நெஞ்சம் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அத்தவலையைப் புளி தேய்த்துத் துலக்கியவர் அவரே. நாம் ஒரு நாளும் துலக்கியதில்லை. ஆகவே அவரை மறுத்துப் பேச நமக்கு வாய் எழவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவுமில்லை. ஒரு பொருளின் படம் அப்பொருளுக்கு ஈடாகுமா? ஈடாகாது எனின், எது குறைகிறது? பல இரவுகள் நம்மைத் தூங்கவிடாத இவ்வினாவை, இத்துறையில் சிந்தித்தவர்களின் துணைகொண்டு ஆராய்ந்து பார்த்தோம்.

பூ, பழம், பாத்திரம், புத்தகம் முதலியவற்றை மேசைமீது வைத்து வரையும் ஓவியத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என்பர். டச்சு மொழியின் 'ஸ்டில்லேவன்' என்ற சொல்லின் வழி வந்தது அது. அசையாதிருக்கும் உயிர் என்று கொள்ளலாம். பிரெஞ்சுக்காரரோ இதனை 'நாத்யூர் மோர்த்' என்கின்றனர். செத்த இயற்கை என்பது அதன் நேர்ப்பொருள். ஒரே படத்தைக் கண்டு ஒருவர் உயிர் என்கிறார், மற்றவர் பிணம் என்கிறார். எழுத்தர் தொழிலில் வயிறு வளர்க்கும் நமக்குப் பிரெஞ்சுச் சொல் வியப்பூட்டவில்லை. அலுவலகத்து மேசை, நாற்காலி, அலமாரி, சுவர்க் கடிகாரம் அனைத்தையும் நாம் பதிந்து வைக்கும் ஏட்டுக்குப் பெயரே 'டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்' அல்லவா!

இவ்வகை ஓவியத்தை அறிஞர் உலகம் நெடுங்காலம் மதிக்கவில்லை. 1660களின் இறுதியில் பிரெஞ்சு நாட்டு ஃபெலிபியென் என்பார் ஓவிய வகைகளைத் தரவரிசைப்படுத்தியபோது, புராண வரலாற்றுக் காட்சிகளை மேலே வைத்து, அசையாப் பொருள்களை வரைவோரை அடியில் தள்ளினார். உயிரற்றதை வரைபவன் உயிருள்ளதை வரைபவனுக்குத் தாழ்ந்தவன் என்பது அவர் வாதம். ஆயினும் அதே நூற்றாண்டில், சிறிது வடக்கே, ஆலந்து நாட்டில் இந்தத் தாழ்ந்த வகையே தத்துவம் பேசத் தொடங்கியிருந்தது.

பீட்டர் கிளாஸ் என்னும் ஓவியர் 1628இல் வரைந்த படம் ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. பல் உதிர்ந்த ஒரு மண்டையோடு, சாய்ந்து கிடக்கும் கண்ணாடிக் குவளை, திரி கருகி அணையும் விளக்கு, ஏடுகள், அவற்றோடு ஓர் இறகுப் பேனா. 'வானிடாஸ்' என்று பெயர் பெற்ற இவ்வகைப் படங்களின் செய்தி நிலையாமையே. திருக்குறளில் ஓர் அதிகாரமே பெற்ற கருத்து என்பதால் நமக்கு அது புதிதன்று. புதுமை யாதெனில், அதைச் சொல்லாமல் சொல்லும் முறைதான். அந்த இறகுப் பேனாவைப் படத்தின் அச்சுப் பிரதியில் கண்டபோது நமக்குச் சற்றே சுருக்கென்றது. மன்னர் வாளும் செல்வர் முத்தும் அழியும் என்றால் தலையாட்டிவிட்டுப் போகலாம். குறிப்பெழுதும் பேனாவும் அந்த வரிசையில் கிடக்கும்போது அப்படிப் போக முடிவதில்லை.

எனினும் இப்படங்களில் நமக்கு ஒரு குறை உண்டு. இவற்றில் பொருள்கள் தமக்காக நிற்பதில்லை. உபதேசத்துக்குச் சாட்சி சொல்ல அழைத்து வரப்பட்டவை போல நிற்கின்றன. மண்டையோடு என்றால் சாவு, விளக்கு என்றால் ஆயுள், குவளை என்றால் இன்பம் என்று அகராதி போட்டுப் படித்து முடித்துவிடலாம். மேலும், உடைமை வீண் என்று போதிக்கும் அப்படங்களை விலை கொடுத்து வாங்கிக் கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் செல்வம் படைத்த வணிகர்களே என்பதையும் மறப்பதற்கில்லை. பற்றறுக்கச் சொல்லும் படமே ஒரு பற்றாகிவிடுவது மனித இயல்பு போலும்.

சாக்கு போடாமல், சாட்சிக்கு அழைக்காமல், பொருளைப் பொருளாகவே நோக்கியவர் என்று நாம் கருதுவது ஷார்தேன் என்ற பிரெஞ்சு ஓவியரை. பாரிசில் 1699இல் ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தவர், 1779இல் மறைந்தவர். 1734ஐ ஒட்டி அவர் ஒரு சிறு பலகைமீது வரைந்த படம் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் இருப்பது வீட்டுக்கு நீர் பிடித்து வைக்கும் செம்புத் தொட்டி, முக்காலிமீது நிற்கிறது, அடியில் ஒரு குழாய், அருகே ஒரு வாளி. அவ்வளவே. மண்டையோடு இல்லை, மலர் இல்லை, உபதேசம் இல்லை. ஆனால் அச்செம்பின் வயிற்றில் ஒளி விழுந்து தேய்ந்து இருளில் கரையும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதைத் துலக்கிய கையும் அதிலிருந்து நீர் மொண்ட கையும் படத்துக்கு வெளியே எங்கோ சற்று முன்தான் விலகிச் சென்றன என்று தோன்றுகிறது. கும்பகோணத்துத் தவலைக்கு இவ்வளவு நெருங்கிய உறவினர் பாரிசில் இருப்பார் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை.

பயன்படுத்தும்போது பொருளை நாம் பார்ப்பதில்லை என்பது ஓர் உண்மை. மூக்குக்கண்ணாடி அணிந்தவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அது உடைந்த அன்றுதான் அதைப் பார்க்கிறான். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹைடெக்கர் இதைப் பற்றி நிரம்ப எழுதியிருக்கிறார். அவர் 1935இல் கலைப் படைப்பின் தோற்றுவாய் குறித்து ஆற்றிய சொற்பொழிவில், வான் கோ வரைந்த ஒரு சோடிப் பழஞ்செருப்புகளை எடுத்துக்கொண்டார். உழவர் குலப் பெண்ணொருத்தியின் செருப்புகள் அவை என்று கொண்டு, அவள் உழைப்பையும் களைப்பையும் மண்ணையும் காற்றையும் அப்படத்திலிருந்து வருவித்துக் காட்டினார். படிக்க மனத்தைத் தொடும் பகுதிதான். ஆனால் 1968இல் மேயர் ஷாப்பிரோ என்ற கலை வரலாற்றறிஞர் குறுக்கிட்டார். வான் கோ பாரிசில் வாழ்ந்த காலத்துப் படம் அது. செருப்புகள் உழவருடையவை அல்ல, நகரில் வாழ்ந்த ஓவியர் தாமே அணிந்தவை என்று வாதிட்டார். ஆக, அவ்வளவு பெரிய தத்துவம் ஆளை மாற்றி எண்ணியதன்மேல் எழுந்ததோ என்ற ஐயம் பிறந்தது. பின்னர் பிரெஞ்சு அறிஞர் தெரிதா, இருவருமே அச்செருப்புகளை எவருக்கேனும் திருப்பிக் கொடுத்துவிடத் துடிப்பதேன் என்று கேட்டார்.

இப்பூசலில் தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. ஒன்று மட்டும் பட்டது. அந்தச் செருப்புகளில் பெயர் வெட்டியிருந்தால் இத்தனை வழக்கும் எழுந்திராது!

நம் முன்னோர் பாத்திரங்களில் பெயர் வெட்டியது தத்துவத்திற்காக அன்று. கலியாண வீட்டில் இரவல் போன அண்டா திரும்பி வரவேண்டும் என்பதற்காக. இன்றும் பாத்திரக் கடைகளில் வாங்கிய கையோடு பெயர் வெட்டித் தருகிறார்கள். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், நாள், சில வேளைகளில் ஊர். ஆயினும் விளைவு வேறாயிற்று. பொருளின்மீதே பொருள் எழுதப்பட்டுவிட்டது. அதைக் காண்பவர் பாத்திரத்தைக் காண்கிறாரா, பெயரைப் படிக்கிறாரா?

எழுத்துக்கும் உருவுக்கும் உள்ள இந்தப் பிணக்கை விளையாட்டாகக் காட்டியவர் பெல்ஜிய நாட்டு மக்ரித். 1929இல் புகைக்குழாய் ஒன்றைக் கண்ணாடியில் கண்டதுபோல் வரைந்து, கீழே இது புகைக்குழாய் இல்லை என்று எழுதி வைத்தார். உண்மைதானே, படத்தில் புகையிலை அடைக்க முடியாது. கோசுத் என்ற அமெரிக்க இளைஞர் 1965இல் ஒரு படி மேலே போனார். உண்மையான நாற்காலி ஒன்று, அதே நாற்காலியின் நிழற்படம், அகராதியில் நாற்காலிக்குத் தரப்பட்ட விளக்கத்தின் பெரிய அச்சு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, இவற்றில் எது நாற்காலி என்று கேளாமல் கேட்டார். கட்டிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் கூறியதன் எதிரொலி இதில் இருக்கிறது: கருத்தாக உள்ள கட்டில் ஒன்று, தச்சன் செய்வது ஒன்று, ஓவியன் வரைவது ஒன்று, ஓவியனுடையது மெய்யினின்றும் மிகத் தொலைவில் உள்ளது என்பார் அவர்.

கோசுத்தின் ஆக்கம் அறிவுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கு எந்த நாற்காலியும் ஒன்றுதான். காட்சி நடக்கும் இடத்தில் கிடைக்கும் நாற்காலியை வைத்து அதையே படமெடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் விதி. நம் அலுவலகத்தில் நாற்காலிகளின் முதுகில் வெள்ளைச் சாயத்தால் எண் எழுதப்பட்டிருக்கும். அதே எண் பதிவேட்டிலும் இருக்கும். ஓராண்டுச் சரிபார்ப்பின்போது, நாம் ஆறு ஆண்டுகளாக அமர்ந்து வந்த நாற்காலி பதிவேட்டில் இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டது. எனவே அது இல்லாத நாற்காலி என்றாயிற்று. இல்லாத நாற்காலியில் அமர்ந்து, அது ஏன் இல்லை என்பதற்கு நாம் மூன்று பக்க விளக்கம் எழுதினோம். மக்ரித் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

நம் நாட்டுத் தத்துவ வாணரும் பாத்திரத்தை விட்டுவைத்தவர் அல்லர். சைவ சித்தாந்தம் பயின்றோர் அறிவர்: குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என்பதை நிறுவ இக்குடமே எடுத்துக்காட்டு. தருக்க நூலாரும் குடத்தைச் சுற்றியே வாதம் செய்தனர். ஆனால் இம்மூன்று காரணங்களுள் அக்குடத்தில் நீர் சுமந்தவளுக்கு இடமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குடம் எப்படித் தோன்றிற்று என்று கேட்டார்களே ஒழிய, தோன்றிய பின் யார் இடுப்பில் எத்தனை ஆண்டு இருந்தது என்று கேட்டாரில்லை. இக்குறையைச் சங்கப் புலவர் ஒருவாறு நிறைத்தனர் எனலாம். திணைக்குரிய பறையையும் உணவையும் கருப்பொருள் என்று வகுத்து, அவற்றின் வழியே உரிப்பொருளாகிய உணர்வை அவர்கள் காட்டினர்.

இனி நம் தவலைக்கு வருமுன் இன்னும் ஒருவரைப் பற்றி மட்டும். இத்தாலியின் போலோன்யா நகரில் 1890இல் பிறந்து 1964இல் மறைந்த மொராண்டி, வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரே வீட்டில், மணம் செய்துகொள்ளாமல், தம் சகோதரிகளோடு கழித்தவர். அவர் வரைந்தவை பெரும்பாலும் புட்டிகள், கிண்ணங்கள், கூசாக்கள், தகரப் பெட்டிகள். அதே புட்டிகளைச் சிறிது நகர்த்தி வைத்து மீண்டும் வரைவார், மீண்டும் நகர்த்துவார். பல்லாண்டுகள் இவ்வாறே. எழுத்தர் வாழ்க்கைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று நண்பர் ஒருவர் கூறியதுண்டு. அவர் செய்த ஒரு செயல் நம்மை நிறுத்திற்று. புட்டிகளில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளை அவர் கிழித்துவிடுவார். சிலவற்றின்மேல் வண்ணமும் பூசிவிடுவார். பெயர் இருக்கும் வரை கண் படிக்கும். பெயர் போனால்தான் கண் பார்க்கும் என்பது அவர் எண்ணமாயிருக்க வேண்டும்.

நம் தாய்வழியினர் பெயர் வெட்டினர். மொராண்டி பெயரை நீக்கினார். இரண்டில் எது பொருளுக்குச் செய்யும் நியாயம் என்ற வினா நம்முன் நின்றபோதுதான், மகளின் படத்தை மறுபடியும் எடுத்து விளக்கடியில் வைத்து நோக்கினோம்.

நன்றாகவே வரைந்திருந்தாள். வயிற்றின் வளைவும், வாய் விளிம்பில் ஒளி உடையும் இடமும் சரியாக இருந்தன. கழுத்துக்குக் கீழே புள்ளிகளும் இருந்தன. ஆனால் அவை எழுத்துகளாக இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில், உளி ஆழமாகப் பட்டது ஆழமாகவும் நழுவியது நழுவியதாகவும், ஓர் எறும்பு வரிசைபோல விழுந்திருந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். "எழுதியிருக்கிறதா அப்பா? நான் பூவேலை என்றல்லவா நினைத்தேன்" என்றாள்.

நமக்குப் பேச்சு எழவில்லை. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவள் இரண்டு ஆண்டுகள் சென்றாள். பிறகு கணக்குக்குத் தனிப்பயிற்சி அதே நேரத்தில் அமைந்தது. தமிழ் எங்கே போய்விடப் போகிறது, வீட்டில் பேசுகிறோமே என்று நாம்தான் நிறுத்தினோம். பேச்சு நின்றது, எழுத்து நழுவிற்று. இது அவள் பிழையன்று.

பழியை அவள்மேல் போட இயலாத நிலையில், வேறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அத்தவலையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டுவரும் நாம், அந்தப் புள்ளிகளை ஒரு நாளும் பார்த்ததில்லை. பெயரைப் படித்தோம், படித்தவுடன் கண் விலகிவிட்டது. மூன்றாவது எழுத்தில் உளி சறுக்கி ஒரு புள்ளி தனியே கிடப்பதை அவள் படத்தைக் கண்ட பின்னரே தவலையில் தேடிக் கண்டுகொண்டோம். 1971இல் கும்பகோணத்துக் கடைவாயிலில் அமர்ந்து பெயர் வெட்டியவரின் கை அந்த ஒரு கணம் அசைந்த அசைவை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கண்டவள் எழுத்தறியாத இவளே. அவர் பெயரோ எங்கும் வெட்டப்படவில்லை.

ஆயின் அவள் கண்டதும் முழுமையன்று. பாட்டியின் பெயர் அது என்று அறியாமல் அதை எத்தனை நுட்பமாக வரைந்தாலும் அது பூவேலையே. நம் தாயாருக்கோ இரண்டும் வேண்டியிருக்கவில்லை. நிறைந்த தவலையை இருளிலும் இடம் தப்பாமல் எடுத்து வைப்பார். அவர் அறிந்தது அதன் எடை. எடையை வரைய முடியாது. எடை போடுபவனிடம் கேட்டாலும் வெறும் தவலையின் எடைதான் சொல்வான்.

ஆகவே, படம் பொருளுக்கு ஈடாகுமா என்ற வினாவுக்கு, ஈடாகாது என்று நாம் துணிந்து கூறுவோம். ஆனால் ஈடாகாததனால் தவலையை வைத்துக்கொண்டே ஆக வேண்டுமா என்றால், அதற்கு அதே துணிவு வரவில்லை. வைத்திருந்து பாராமல் இருந்தவர்களில் நாமே முதல்வர். ஒன்றைப் பார்த்து மூன்று மாலைகள் செலவிட்டவள் அதற்குச் செய்த மரியாதை, அதனை உடைமையாக மட்டும் கொண்டிருந்த நாம் செய்த மரியாதையினும் பெரிது என்பதை மறுக்கக் கூடவில்லை. அவளே அதைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

இல்லாள் மறுபடி அப்பேச்சை எடுக்கவில்லை. பழம்பொருள் வாங்குபவர் வந்து தட்டிப் பார்த்துக் கிலோவுக்கு ஒரு விலை சொல்லிப் போயிருக்கிறார். வீடு மாறும் முன் சொல்லியனுப்பும்படி கேட்டுக்கொண்டார். சென்ற ஞாயிறன்று மகளை அருகில் அமர்த்தி, விரலை அப்புள்ளிகளின்மேல் நகர்த்தி, ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் காட்டினோம். அவளும் பின்னால் படித்தாள். படத்தில் அதைத் திருத்தப் போகிறாயா என்று கேட்டோம். வேண்டாம், அப்போது அப்படித்தான் தெரிந்தது என்றாள்.

பிறகு தவலையை மெல்ல உருட்டி, பெயர் சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி வைத்துவிட்டு, புதிய தாளொன்றை எடுத்தாள். அந்தப் பக்கத்தில், அடிவயிற்றருகே, உள்ளங்கையளவு ஓர் ஒடுக்கு இருக்கிறது. "இது எப்படி விழுந்தது அப்பா?" என்று கேட்டாள்.

நமக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றோம்.